கழுத்தை நேராக வைக்கும் வேலை

1

கஸ்தூரி போன் செய்தால் முதலில் மழையைப் பற்றிக் கேட்பாள். இங்கே மழை, அங்கே வெயில் என்று கொஞ்ச நேரம் போகும். போன வாரம் அதெல்லாம் இல்லை.

"ண்ணா, நாளைக்கு நைனாவுக்குத் திதி. மறந்துகினு ஒக்காந்திருக்காத. தலைக்குக் குளிச்சிட்டு காக்காவுக்குச் சோறு வெய்யி."

"வெக்கிறேன்."

"அங்க காக்கா கீதா?"

"கீது. ஆனா அதுக்கு முன்னாடி கடல்பறவை வந்துடும்."

"எது வந்தா இன்னா. அவரு வந்தாருன்னு நெனச்சிக்க."

கஸ்தூரி என் தங்கை. ஆரணியில் எங்கள் பழைய வீட்டிலேயே இருக்கிறாள். நைனா என்பது எங்கள் அப்பா.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் பின்கட்டுச் சுவரில் தட்டை வைத்தேன். சொன்னபடியே வெள்ளையாக ஒரு பெரிய பறவை வந்து மொத்தத்தையும் இரண்டு வாயில் முடித்துவிட்டுத் தட்டையும் கீழே தள்ளியது. என் மகன் அருள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தபடி, இப்படிச் சோறு வைத்தால் பக்கத்து வீட்டில் புகார் செய்வார்கள் என்று இங்கிலீஷில் சொன்னான். தாத்தாவுக்கு என்றேன். அவன் ஹெட்போனைக் காதில் திரும்ப மாட்டிக்கொண்டான்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் திதி மட்டுமில்லை. அதே வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை செய்யும் இடத்தில் ஒன்றைப் பார்த்தேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் அப்பா என்னிடம் கேட்ட கேள்வியை முதலில் சொல்ல வேண்டும். தான் செத்தால் கொள்ளி வைக்க வருவாயா என்று கேட்டார். வருவேன் என்று சொன்னேன். வரமாட்டேன் என்று நான் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டே அவர் செத்துப்போனார். ஊரில் இதைப் பற்றிப் பலவிதமாகப் பேசுகிறார்கள் என்று கஸ்தூரி சொல்கிறாள். நடந்தது இதுதான்.

2

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நின்ற மறுவாரமே அப்பா தான் வேலை பார்த்த விசைத்தறி ஷெட்டில் என்னையும் சேர்த்துவிட்டார். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதில் கத்தினாலும் கேட்காது. அதனால் ஷெட்டில் எல்லாப் பேச்சும் தலையாலும் கையாலும்தான். முகவாயை மேலே வெட்டினால் 'இன்னா?' என்று அர்த்தம். இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. தலையைத் தோள் பக்கமாக ஒருமுறை சாய்த்தால் 'சரி'. அடுத்தடுத்து இரண்டுமுறை சாய்த்தால் 'சரி, நான் பார்த்துக்கறேன், நீ போ'. 'இல்லை'க்கு மட்டும் தனியாக ஒன்றும் கிடையாது. கேட்டவன் உன் தலையைப் பார்ப்பான். அது சாயவில்லையென்றால் இல்லை. அவ்வளவுதான், அவன் போய்விடுவான்.

கரண்ட் போனால் எல்லாத் தறியும் ஒன்றாக நிற்கும். சத்தம் இருக்கிற தைரியத்தில் சிரித்த முகத்தோடு முதலாளியை நேருக்கு நேராகத் திட்டிக்கொண்டிருந்த ஒருவர் அப்படித்தான் ஒருநாள் மாட்டிக்கொண்டார். முதலாளி முகவாயை மட்டும் மேலே வெட்டினார். திட்டியவர் தலையை இரண்டுமுறை சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

அந்தச் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டது. நாற்பது வயதுக்கு மேல் வீட்டிலும் நாங்கள் ஷெட் பாஷைதான் பேசினோம். அவர் வாயால் கேட்பார், நாங்கள் தலையால் பதில் சொல்வோம். பேசுபவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிற பழக்கம் அவருக்கு வரவில்லை. வாய் எதையும் சொல்லும், தலைதான் உண்மையைச் சொல்லும் என்பது அவர் கணக்கு.

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பெங்களூர் போனேன், சூரத் போனேன், பம்பாயில் ஒரு ஓட்டலில் மாவாட்டினேன். திரும்பி வந்தபோது வேலூர் பஸ்ஸில் மெர்சியைப் பார்த்துப் பழகினேன். தேவிகாபுரம் பக்கத்துப் பெண். அவள் அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அவள் நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். கல்யாணம் சர்ச்சில் நடந்தது. அப்பா வரவில்லை. காது கேட்காதவர் என்பதால் அவர் பேசுவது எப்போதும் தெருவுக்கே கேட்கும். அன்றைக்கும் கேட்டது.

"சர்ச்சுல கட்டிக்கினவன் என் பொணத்துகிட்ட வந்து இன்னா பண்ணுவான்? எட்ட நின்னு பாத்துட்டுப் பூடுவான்."

அந்தச் சந்தேகம் அப்போதே அவருக்குள் விழுந்துவிட்டது. அதன்பிறகு நாங்கள் சமாதானம் ஆனோம், மெர்சி கையால் சாப்பிட்டார், எல்லாம் நடந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

3

தொண்ணூறுகளின் நடுவில் மெர்சிக்கு இங்கிலாந்தின் வடக்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. மனைவியைச் சார்ந்தவன் என்ற விசாவில் பின்னாலேயே நான் வந்தேன். விமான நிலையத்தில் அதிகாரி ஏதோ நிபந்தனைகளைப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டார். தலையைச் சாய்த்தேன். மறுபடி கேட்டார். இன்னும் நன்றாகச் சாய்த்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம் என்கிறீர்களா, இல்லை என்கிறீர்களா, வாயைத் திறந்து சொல்லுங்கள் என்றார். எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுக்க என் தலையைப் பார்த்தது.

வெளியே காத்திருந்த மெர்சியிடம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இங்க தலையை அப்புடி ஆட்டாதீங்க. எனக்கே மொத மாசம் பேஜாரா பூட்ச்சி. மருந்து குடுக்கட்டுமான்னு கேப்பாங்க, நான் ஆட்டுவேன், வேணாம்னு எடுத்துகினு பூடுவாங்க."

அந்த ஊரில் நூல் மில்கள் மூடிக் கிடந்தன. செங்கல் கட்டடங்கள், உள்ளே வரிசையாக இரும்புத் தூண்கள், பலகைத் தரையில் இன்னும் எண்ணெய் வாசனை. அப்படி ஒரு மில்லின் மேல்மாடியை ஒரு சின்னக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது. நான் அங்கே தரை கூட்டப் போனேன்.

அவர்கள் செய்தது ஒரு ஹெல்மெட். தலையில் மாட்டினால் இரண்டு கண்ணுக்கும் முன்னால் குட்டித் திரைகள் இருக்கும். இல்லாத அறை ஒன்று இருப்பது போலத் தெரியும். தலையை வலப்பக்கம் திருப்பினால் அந்த அறையின் வலப்பக்கம் தெரிய வேண்டும். அதற்குத் தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்வதுதான் சென்சார். அந்தக் காலத்தில் அது காந்தத்தில் வேலை செய்தது. மேலே மரச் சட்டத்தில் ஒரு பெட்டி தொங்கும். அதற்குள் மூன்று திசைக்கு மூன்று கம்பிச் சுருள்கள். ஹெல்மெட்டுக்குள் அதேபோல் சின்னதாக மூன்று. மேல் பெட்டி காந்தத்தை விட்டுவிட்டு வீசும். கீழே இருப்பது எந்தச் சுருளில் எவ்வளவு வந்தது என்று பார்த்து, தலை இப்படி இருக்கிறது என்று கணக்குப் போடும்.

பக்கத்தில் இரும்போ செம்போ வெள்ளியோ இருந்தால் கணக்கு கோணிக்கொள்ளும். மில்லுக்குள் இரும்புத் தூண்கள். அதனால் தூண்களிலிருந்து தள்ளிய இடமாகப் பார்த்து நடுவில் மரத்தால் ஒரு மேடை கட்டியிருந்தார்கள். ஆணிகூட மரத்தில்தான். மேடை ஏறுபவர்கள் பெல்ட், கைக்கடிகாரம், சாவி எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும்.

ஹெலன் என்ற இன்ஜினியர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். சோதனைக்கு வந்த மாணவர்கள் அடிக்கடி வாந்தியெடுத்துவிட்டு ஓடினார்கள். ஒருநாள் ஆள் வராமல் போக, துடைப்பத்தை வைத்துவிட்டு ஏறுகிறாயா என்று என்னைக் கேட்டாள். ஏறினேன். படம் கோணிக்கொண்டே இருந்தது. பெல்ட் இல்லை, கடிகாரம் இல்லை, இன்னும் என்ன என்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினேன். வெள்ளி அரைஞாண். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா செய்து போட்டது. எங்கள் பக்கத்தில் அதைச் செத்த பிறகுதான் எடுப்பார்கள். ஹெலனுக்கு அதை எந்த இங்கிலீஷில் சொல்வதென்று தெரியாமல் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். அன்று சாயங்காலம் மெர்சி பெட்டியிலிருந்து கறுப்புக் கயிறு எடுத்துக் கட்டிவிட்டாள். வெள்ளி அலமாரிக்குப் போனது.

திரும்ப ஏறினேன். எதிரே ஒரு நீலப் பெட்டி மிதந்தது. தெரிகிறதா என்று ஹெலன் கேட்டாள். பேசும் பழக்கம் இல்லை. தலையைச் சாய்த்தேன்.

நீலப் பெட்டி சாயவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தடுமாறி, தவறான பக்கமாக விழுந்தது.

"இன்னொருமுறை அதேபோல் செய்!" என்று ஹெலன் கத்தினாள். அவர்கள் யாரும் தலையைத் தோள் பக்கம் சாய்ப்பதே இல்லையாம். இடம் வலம், மேல் கீழ், இவ்வளவுதான் சோதித்திருக்கிறார்கள். அன்று மத்தியானம் முழுக்க என்னை மேடையில் உட்கார வைத்து என் பெயர், ஊர், சாப்பாடு என்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். வேண்டுமென்றே செய்யாதே, ஊரில் எப்படிப் பேசுவாயோ அப்படியே பதில் சொல் என்றாள். என் தலை அசைந்ததெல்லாம் கம்ப்யூட்டரில் எண்களாகப் பதிவானது. தலையாட்டுவதற்காக ஒருவனைப் பாராட்டியது அதுதான் முதல்முறை. அடுத்த வாரம் துடைப்பம் வேறொருவன் கைக்குப் போனது.

4

பிழையைச் சரிசெய்த பிறகு எனக்குக் கிடைத்த வேலை நேர் எதிரானது. ஒவ்வொரு ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் தலையைத் திருப்ப வேண்டும். இடம் வலம் திருப்பும்போது துளிகூடச் சாயக் கூடாது. சாய்ந்தால் தப்பு சென்சாரிலா தலையிலா என்று தெரியாது. அதற்காக ஹெல்மெட்டின் நெற்றியில் ஒரு ரசமட்டம் ஒட்டினார்கள். கொத்தனார் சுவர் கட்டும்போது வைப்பாரே, கண்ணாடிக்குள் குமிழ் ஓடும், அதேதான். பழகுகிற வரைக்கும் கண் முன்னால் இருந்த திரைகளைக் கழற்றிவிட்டு, எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தார்கள். குமிழ் நடுவை விட்டு நகராமல் தலையைத் திருப்பப் பழகினேன். முதலில் கழுத்து நரம்பு இழுத்தது. பிறகு பழகிவிட்டது.

அங்கே கேள்வி கேட்டால் வாயால்தான் பதில். தலை தானாகச் சாய்ந்தால் அந்தச் சோதனை வீண், மறுபடி முதலிலிருந்து. ஹெலன் கோபப்பட மாட்டாள். பெருமூச்சு விடுவாள். அது போதும்.

எப்போது முழுதாக நின்றது என்று தெரியவில்லை. மெர்சிதான் கவனித்தாள்.

"ஏங்க, உப்பு போதுமான்னு கேட்டா கல்லுசாமியாட்டம் ஒக்காந்திருக்கீங்க."

"போதும்னு சொன்னனே."

"சொன்னீங்க. ஆனா சொன்ன மாதிரி இல்ல."

கூடவே கிறுகிறுப்பும் வந்தது. ஹெல்மெட்டுக்குள் தலை திரும்பிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் படம் திரும்பும். வருஷக்கணக்கில் அதற்குப் பழகிய தலைக்கு வெளியுலகமும் தாமதமாக வருவது போல ஆகிவிட்டது. படுக்கத் தலையைச் சாய்த்தால் கூரை பின்னால் வந்து மோதும். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் சாய்ப்பதைத் தவிருங்கள், கழுத்தை நேராக வைத்திருங்கள் என்றார். கம்பெனியும் அதைத்தான் சொன்னது. இரண்டு இடத்திலும் ஒரே புத்திமதி என்பதால் எனக்குச் சிரமமில்லை.

5

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடையில் ஊருக்குப் போனோம். அருளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயது. கஸ்தூரி வாசலிலேயே என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னா ண்ணா, லண்டன்ல கழுத்துக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிக் குடுக்கறாங்களா?"

"வேலை அப்புடிம்மா."

"இன்னா வேலை? துரைக்குக் கொடை புடிக்கிற வேலையா?"

தெருவில் எல்லாரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். ஹெல்மெட் மாட்டித் தலை திருப்புகிறேன் என்றால் யார் நம்புவார்கள். மோட்டார் கம்பெனி என்று சொல்லிவிட்டேன். கழுத்தை நேராக வைத்து நடந்ததைத் திமிர் என்றார்கள். பஸ்ஸில் தேவிகாபுரம் போய் வந்த மறுநாள் முழுக்கத் தலை தூக்க முடியவில்லை. அதை யாரும் பார்க்கவில்லை.

அப்பாவுக்குக் காது முழுதாகப் போயிருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்தும் சரியாக வரவில்லை. வாசல் வெளிச்சத்தில் ஆள் வந்து நின்றால் உருவம் நிழலாகத் தெரியும், அசைந்தால் தெரியும். முகம் தெரியாது. நிழல் தலையைப் பார்த்தே எல்லாரோடும் பேசிக்கொண்டிருந்தார்.

கிளம்புகிற நாள். மீனம்பாக்கம் போக வேன் தெருவில் நின்றது. டிரைவர், "சார், ஜல்தி வாங்க, காஞ்சிபுரத்துல மாட்டிக்கினா அவ்ளோதான்" என்று ஹார்னை அமுக்கிக்கொண்டிருந்தான். மெர்சி அருளை உள்ளே ஏற்றினாள். கஸ்தூரி வீட்டுக்குள் ஊறுகாய் பாட்டிலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் எதிரே நின்றேன். அவர் தெருவே கேட்கும்படிக் கேட்டார்.

"டேய் ஏகாம்பரம். நான் பூட்டேன்னா கொள்ளி வெக்க வருவியா? இல்ல ஒன் சித்தப்பன் மவன் சேகரை வெக்கச் சொல்லட்டுமா?"

"இன்னா நைனா இப்புடிக் கேக்கற? வருவேன். எங்க இருந்தாலும் வருவேன்."

எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கேட்டது. டிரைவருக்கும் கேட்டது. அப்பா என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறைய நேரம் பார்த்தார். ஹார்ன் மறுபடி அடித்தது. குனிந்து அவர் காலைத் தொட்டேன். குனியும்போது தலை சுற்றக் கூடாதென்று கழுத்தைக் கட்டை மாதிரி வைத்துக்கொண்டு முட்டியை மடக்கினேன். எழுந்தபோது அவர் கையைத் தூக்கி, போ என்று காட்டினார். வழியனுப்புகிறார் என்று நினைத்தேன்.

6

இரண்டு வருஷம் கழித்துக் கஸ்தூரியிடமிருந்து போன் வந்தபோது இங்கே மத்தியானம். மெர்சி டியூட்டியில் இருந்தாள்.

"ண்ணா, நைனா பூட்டாரு."

"எப்போ?"

"காலைல. எல்லாம் முடிஞ்சிட்ச்சி. இப்பதான் சுடுகாட்டுலர்ந்து வந்தாங்க."

முடிந்துவிட்டது என்றால் என்னவென்று எனக்குப் புரியவில்லை. இரண்டுமுறை கேட்டேன்.

"சேகர் வெச்சான்" என்றாள்.

"என்னைக் கூப்புடணும்னு தோணலையா ஒனக்கு?"

அவள் அழுதாள். பிறகு கோபமாகப் பேசினாள். "நீதான வரமாட்டேன்னுட்ட? அன்னிக்கி நீ போனதுலர்ந்து அதையேதான் சொல்லிகினு இருந்தாரு. கேட்டேன், அவன் தலைய அசைக்கலை, அசைக்கலைன்னு. எதிர்வீட்ல வந்து சொன்னாங்க, நீ வரேன்னு வாயால சொன்னியாமே. நான் அவரு கையப் புடிச்சி, அண்ணன் வரும்னு எவ்ளோ காட்டினேன். ஒத்துக்கலை. நான் பாத்தேன், நீ பாத்தியான்றாரு. அவன் வருவான்னு ஐஸ் பெட்டியில என்னை மீனாட்டம் போட்டு வெக்காதீங்கன்னு என் தலைமேல கை வெச்சி சத்தியம் வாங்கிகினாரு. நான் இன்னா பண்ணுவேன்?"

எங்கள் தெருவில் வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டில் சாவு விழுந்தால் வாசலில் ஐஸ் பெட்டி வரும். பிள்ளை வந்து இறங்குகிற வரைக்கும் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வந்தவர் போனவர் எல்லாம் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பார்கள். அப்பா அதைப் பார்த்திருக்கிறார். வருகிற பிள்ளைக்காக அப்படிக் கிடக்க அவர் சம்மதித்திருப்பார். வராதவனுக்காகக் கிடப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாதம் என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காக அனுப்பியிருந்தேன். எந்த ஊர் அலுவலகத்தில் எந்த அலமாரியில் கிடந்தது என்று தெரியாது. மறுநாள் போன் செய்து, அப்பா இறந்துவிட்டார், பாஸ்போர்ட் வேண்டும் என்றேன். அதைத் திரும்பக் கேட்டால் விண்ணப்பத்தையே வாபஸ் வாங்கியதாக ஆகும் என்று அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னாள். வருத்தம் தெரிவித்தாள். அதாவது, கஸ்தூரி காலையிலேயே கூப்பிட்டிருந்தாலும் நான் போயிருக்க முடியாது. என் தலையைப் பார்த்து அப்பா தெரிந்துகொண்டது தப்பு. ஆனால் அது அப்படியே நடந்துவிட்டது. இதை நினைக்காமல் இருக்க நான் கண்டுபிடித்த ஒரே வழி ஓவர்டைம்தான்.

7

அப்புறம் காந்தப் பெட்டிகள் போய்விட்டன. மர மேடையைப் பிரித்து விறகுக்குக் கொடுத்தார்கள். வண்டியோட்டவும் மெஷின் பழுது பார்க்கவும் பயிற்சி கொடுக்கிற, மூக்குக்கண்ணாடி மாதிரியான ஹெல்மெட்டுகளைச் செய்ய ஆரம்பித்தோம். அதன் சென்சார் துவரம்பருப்பு அளவுதான். வெளியிலிருந்து எதுவும் அதற்கு வேண்டாம். எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்பது மட்டும் அதற்குத் தெரியும். திரும்பியதையெல்லாம் கூட்டிக்கொண்டே வந்து, இப்போது இந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று முடிவு செய்யும்.

ஒவ்வொரு கூட்டலிலும் துளிப் பிழை சேரும். மேஜைமேல் சும்மா வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால், வாசலைப் பார்த்திருந்த படம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதற்கென்று சுவரில் ஒரு குறி வைத்து, கேமராவால் அதைப் பார்க்க வைத்து, அவ்வப்போது நேராக்க வேண்டும். பெரிய பிழையென்றால் உடனே தெரிந்துவிடும். சின்னதாக இருப்பதுதான் தொந்தரவு என்பாள் ஹெலன்.

அருள் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. ஒரே நாளில் எதுவும் போகவில்லை. கஸ்தூரியிடம் போனில் பேசச் சொன்னால் முதலில் நான்கு வாக்கியம் பேசினான். பிறகு, நல்லா இருக்கீங்களா அத்தை, அவ்வளவுதான். இப்போது போனைக் கொடுத்தால் அதை என்னிடமே நீட்டுகிறான். ஊருக்குப் போவோமா என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறான். எனக்கு அப்பாவைப் போல் தலையைப் படிக்கத் தெரியும். தோளைப் படிக்கத் தெரியாது.

நான் செத்தால் என்ன செய்வாய் என்று ஒருமுறை கேட்டேன். அவன் பயந்துபோய் மெர்சியைக் கூப்பிட்டான். அவள் வந்து, "கொழந்தைகிட்ட கேக்கற கேள்வியா இது?" என்று என்னைத் திட்டினாள். அருளுக்கு மீசை முளைத்துவிட்டது. ஆனாலும் அவள் சொன்னது சரிதான். கேட்கிற கேள்வியில்லை அது.

8

இந்த மாதத்தோடு எனக்கு வேலை இல்லை. ஹெல்மெட்டைச் சோதிக்க ஒரு இரும்புக் கை வாங்கிவிட்டார்கள். மூன்று மோட்டார் வைத்தது. அதன் நுனியில் ஹெல்மெட்டைப் பூட்டினால் சொன்ன பக்கம் சொன்ன அளவு திருப்பும். அதற்கு ரசமட்டம் வேண்டாம். வாந்தியும் வராது.

திதி அன்றைக்கு, வெள்ளிக்கிழமை மத்தியானம், ஹெலன் என்னைத் தேடி வந்தாள். அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. என்னை அனுப்புவதில் அவளுக்குச் சங்கடம். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து யோசித்திருப்பாள் போல.

"உனக்கு ஒன்று காட்ட வேண்டும், வா" என்று அழைத்துப் போனாள். "முதல் நாள் உன் தலையைப் பதிவு செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதை நான் அழிக்கவே இல்லை. எங்களிடம் இருப்பதிலேயே இயல்பான தலையசைவு அதுதான். இந்தக் கைக்கு அதைத்தான் கொடுத்திருக்கிறேன். நீ போனாலும் உன் தலை இங்கேயே இருக்கும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அறையில் ஆள் யாரும் இல்லை. இரும்புக் கையின் நுனியில், கிட்டத்தட்ட ஒரு மனுஷன் உயரத்தில், ஹெல்மெட் பூட்டியிருந்தது. உள்ளே தலை இல்லை. ஹெலன் பொத்தானை அழுத்தினாள். ஹெல்மெட் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மெதுவாக இடப்பக்கம் திரும்பியது, யாரோ பேசுவதைக் கேட்பது போல. முகவாய் இருக்க வேண்டிய இடம் மேலே வெட்டியது. இன்னா? பிறகு தோள் பக்கமாக ஒருமுறை சாய்ந்தது.

ஊரை விட்டு வந்த புதிதில் இருந்த என் தலை. அப்பா பார்த்துப் பழகிய தலை. இவ்வளவு தள்ளி நின்றாலும், இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தாலும், அது என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நானும் சாய்த்துப் பார்த்தேன். கூரை வந்து மோதியது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். என்னவென்று ஹெலன் கேட்டாள். ஒன்றுமில்லை என்று வாயால் சொன்னேன்.

"இது எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேட்டேன்.

"முடிந்ததும் திரும்ப ஆரம்பத்திலிருந்து ஓடும். திங்கட்கிழமை நாங்கள் வந்து நிறுத்துகிற வரைக்கும்."

அவள் விளக்கை அணைத்துவிட்டு முன்னால் போனாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஹெல்மெட் நிழலாகத்தான் தெரிந்தது. எதிரே யாரும் இல்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. அது அடுத்தடுத்து இரண்டுமுறை சாய்ந்தது. சரி, நான் பார்த்துக்கறேன், நீ போ.